கோடையும் பழப்பாகும்

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன, பழக்கடைகள் நிறைந்துவிடுகின்றன. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வது தமிழ்நாட்டுக் குழந்தைகளின் நல்வினைப் பயன் என்றே சொல்லவேண்டும். ஆனால் கோடைப் பழங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆண்டு முழுவதும் நம்மைக் காத்திருக்கச் செய்துவிட்டு, எல்லாம் ஒன்றாகப் பழுக்கும். ஒன்றாகப் பழுத்தவை நான்கே நாளில் ஒன்றாக அழுகும். வீட்டில் உண்பவர் நால்வர். மரத்தடியில் கிடப்பவையோ நாற்பது பழம். இந்தக் கணக்கு நேராகாதபோது மனிதன் என்ன செய்தான் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கி வைப்பதை நாம் ஜாம் என்று வழங்குகிறோம். அதனை விடுமுறை நாளில் குழந்தைகளோடு சேர்ந்து செய்வது எப்படி, அதில் அவர்களும் நாமும் கற்றுக்கொள்வது என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

நான் வாழ்வது சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் மூன்று ஊர்களையும் இன்று காண்பவர் தொழிற்சாலைகளையும் அடுக்குமாடி வீடுகளையுமே காண்பர். ஆவடியில் 1955-ஆம் ஆண்டு காங்கிரஸ் மகாசபை கூடியது. பின்னர் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் எழுந்தது. பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்றும் பெயர் உண்டு. பூவின் மணம் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. வேலைக்காக வந்து இவ்வூர்களில் குடியேறியவர்கள் மனை வாங்கி வீடு கட்டியபோது, கிணற்றடியில் ஒரு தென்னை, வேலியோரம் ஒரு முருங்கை, கொல்லையில் ஒரு மா என்று நட்டார்கள். அந்த மரங்களுள் எஞ்சியிருப்பவை இன்று முதுமை எய்தி நிற்கின்றன. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டத் தொடங்கும்போது முதலில் விழுவதும் அவைதாம்.

எங்கள் தெருவில் அத்தகைய வீடு ஒன்று இருந்தது. அதில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்துவந்தார். தெருக் குழந்தைகள் அனைவருக்கும் அவர் பாட்டிதான். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு நாட்டு மாமரம். பழத்தில் நார் மிகுதி, புளிப்பும் சற்று மிகுதி. ஆனால் மணம் தெருமுனை வரை வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், இரண்டு கூடைப் பழத்தை என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் பாட்டி சொன்னார்: “ஆவணியிலே பூமி பூஜை போடுகிறார்கள் அம்மா. அதற்கு முன்னாலே மரத்தை வெட்டிவிடுவார்கள். இனி நான் மகன் வீட்டோடு போகவேண்டியதுதான். இது கடைசிக் காய்ப்பு. பிள்ளைகளுக்குக் கொடு.”

அருகில் நின்ற என் மகள் கேட்டாள்: “பாட்டி, ஊருக்குப் போகும்போது உங்களுக்கும் கொஞ்சம் வேண்டாமா? ஜாம் செய்து வைத்தால் கெடாதே!” அவள் அப்பொழுது ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். தம்பி அவளுக்கு நான்கு ஆண்டு இளையவன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவர். ஆக நால்வரும் நானும் அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம்.

நேயர்களே, எங்கள் முதல் முயற்சி தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன். வெற்றியைக் காட்டிலும் அதுவே எங்களுக்கு மிகுதியாகக் கற்பித்தது.

நான்கு கிலோ பழத்தில் இரண்டு கிலோ கூழ் கிடைத்தது. சமையற் புத்தகம் ஒன்று, கூழின் எடையில் முக்கால் பங்காவது சர்க்கரை சேர்க்கவேண்டும் என்றது. அதைப் படித்ததும் எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்கு இவ்வளவு இனிப்பு ஆகுமா? சர்க்கரை சுவைக்காகத்தானே, குறைத்தால் சுவை குறையும், வேறென்ன குறையும் என்று எண்ணி, 800 கிராம் மட்டும் சேர்த்தேன். காய்ச்சக் காய்ச்சக் கூழ் கெட்டியாயிற்று. நாட்டு மாவின் நார்ச்சத்து அதனைக் களி போலவே காட்டிற்று. இறக்கி ஐந்து புட்டிகளில் நிரப்பினோம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு கிலோ 200 கிராம். இரண்டு புட்டிகளைக் குழந்தைகள் அண்டை வீடுகளுக்குக் கொடுத்து வந்தார்கள். இரண்டு எங்களுக்கு. ஒன்றின்மேல் பாட்டியின் பெயரை எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் பாட்டியின் புட்டியைத் திறந்து பார்த்தபோது மேற்பரப்பில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்திருந்தது.

என் மகன் மெல்லச் சொன்னான்: “மேலே மட்டுந்தானே அம்மா இருக்கிறது? சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாமே.” உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மரத்தடியில் பழம் தீர்ந்துவிட்டது; மரமும் தீரப்போகிறது. ஆனால் பூசணத்தின் இயல்பு அறிந்தவர் அதனைச் செய்யமாட்டார். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பொடி அதன் பூ மட்டுமே; மெல்லிய இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே பரவியிருக்கும். சிலவகைப் பூசணங்கள் நஞ்சை உண்டாக்கவும் வல்லவை. அந்த நஞ்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே மேலே சுரண்டுவதால் பயன் இல்லை. முழுவதையும் எறிவதே முறை. ஐந்து புட்டியையும் எறிவது என்று முடிவாயிற்று. அவற்றுள் இரண்டு நம் கையில் இல்லையே! குழந்தைகள் நால்வரும் சென்று அந்த இரு வீட்டுக் கதவையும் தட்டி, “நாங்கள் கொடுத்த ஜாம் கெட்டுவிட்டது, தயவு செய்து உண்ணவேண்டாம், புட்டியைத் திருப்பித் தாருங்கள்” என்று கேட்டு வாங்கி வந்தார்கள். கொடுக்கப் போனபோது ஓடியவர்கள் திரும்ப வாங்கப் போகும்போது மெல்ல நடந்தார்கள். ஆயினும் போனார்கள்; அதுதான் பெரிது.

அன்றிரவு என் மகள் கேட்ட கேள்வி இதுதான்: “ஏன் கெட்டது?”

இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வெகுதொலைவு போகவேண்டியதில்லை. பள்ளி வாசலில் விற்கும் மாங்காய்ப் பத்தையை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் உப்பைத் தூவிச் சிறிது நேரம் வைத்தால் பத்தை நீர் விடுகிறது. உப்பு, காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. சர்க்கரையும் அவ்வாறே செய்யும். பூசணமும் நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உயிர்களே. உயிர் எதுவாயினும் அதற்கு நீர் வேண்டும். உப்போ சர்க்கரையோ மிகுந்த இடத்தில் நீர் இருந்தும் இல்லாததுபோல் கட்டுண்டு கிடக்கிறது. அங்கு விழுந்த நுண்ணுயிர் உண்ணவும் பெருகவும் இயலாமல் தன் உடல்நீரையும் இழக்கிறது. கடலின் நடுவே குடிநீரின்றித் தவிக்கும் மாலுமியின் நிலை அது.

இந்த உண்மை நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. மாவடுவை உப்பில் ஊறவைத்தார்கள்; மாங்காயை உப்பிட்டு உலர்த்தி வற்றலாக்கினார்கள்; நெல்லியைத் தேனில் இட்டார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலம் இவற்றைச் சேர்த்துத் துளி நீரும் கலவாமல் பிசைகிறார்கள். அது பல நாள் கெடாதிருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழமும் சர்க்கரையும் சேர்ந்து பழம் காக்கப்படுகின்ற வகையில், அது ஜாமுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். சர்க்கரைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பும் பழமையானது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவில் தோன்றி மேற்கே பரவியது. கரும்பைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று கூறுகிறது. அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. அதனை அடுத்த கிருஷ்ணகிரியில் இன்று மாம்பழக் கூழ் செய்யும் ஆலைகள் பல இயங்குகின்றன. கரும்பு வந்ததாகச் சொல்லப்படும் நாட்டிலேயே மாங்கூழும் புட்டியில் அடைபடுகிறது.

சர்க்கரை காக்கும் என்பது சரி, எவ்வளவு சர்க்கரை? இங்கேதான் நான் தவறினேன். நம் நாட்டில் 1955-இல் வந்த பழப்பொருள் ஆணை, ஜாமில் கரைந்த பொருள் நூற்றுக்கு 68 பங்குக்குக் குறையலாகாது என்று விதித்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள் அதனை 65 என்று வகுத்தன. கரைந்த பொருள் என்பதில் பெரும்பங்கு சர்க்கரையே. இனி எங்கள் கணக்கைப் பாருங்கள். நன்கு பழுத்த மாங்கூழில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு பழத்தின் சொந்தச் சர்க்கரை உண்டு. இரண்டு கிலோ கூழில் அது 300 கிராம். நான் சேர்த்தது 800. ஆகக் கூடி 1,100 கிராம். புட்டிகளில் இருந்ததோ 2,200 கிராம். ஆகவே நூற்றுக்கு 50. பூசணம் குடியேற அது போதும். கண்ணுக்குக் கெட்டியாய்த் தெரிந்தது நாரும் கூழுமே. உள்ளே நீர் கட்டுப்படாமல் இருந்தது. கெட்டியானதெல்லாம் ஜாம் ஆகிவிடாது என்பதை என் மகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து என்னிடம் காட்டினாள். அவளுடைய கணக்குப் புத்தகத்திலுள்ள விழுக்காட்டுப் பாடம் அன்றுதான் அவளுக்குப் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

ஜாம் கெடாமல் இருக்கச் சர்க்கரை போதும். உறைந்து நிற்க மேலும் இரண்டு வேண்டும். ஒன்று பெக்டின், மற்றொன்று புளிப்பு. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே காரை இருப்பதுபோல், பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் பொருள் பெக்டின். பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி பிரக்கனோ 1825-இல் இதனை ஆராய்ந்து, உறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை இட்டார். காய் பழமாகும்போது இந்தக் காரை கரையத் தொடங்குகிறது. பழம் மெத்தென்று ஆவது அதனால்தான். ஆகையால் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தில் பெக்டின் குறைவு, செங்காயில் மிகுதி. மூன்று பங்கு பழத்தோடு ஒரு பங்கு செங்காய் சேர்த்துக்கொள்வது நல்லது. கொய்யாவில் பெக்டின் நிறைய உண்டு, விளாம்பழத்திலும் அப்படியே. பப்பாளியும் அன்னாசியும் தனித்து எளிதில் உறையமாட்டா. அவற்றோடு ஒரு கொய்யாவைச் சேர்த்தால் காரியம் கைகூடும். புளிப்பின் பணி பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளத் துணைசெய்வது. அதனோடு, கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிளந்து, ஆறிய பின் மணல்போல் பூத்துவிடாமல் தடுப்பதும் புளிப்பே. நாட்டு மாவில் புளிப்பு இயல்பாகவே உண்டு. இனிப்பு மிகுந்த பங்கனப்பள்ளிக்கு எலுமிச்சை வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின் இரண்டாம் முறை தொடங்கினோம். மரத்தின் உச்சிக் கிளையில் சில பழங்கள் எஞ்சியிருப்பதைப் பாட்டியே காட்டினார். மரம் ஏறுபவர் ஒருவர் பறித்துத் தந்தார். செங்காயும் பழமுமாக இரண்டு கிலோ. கூழ் ஒரு கிலோ. இனி ஒரு பழமும் இல்லை. ஆகவே இம்முறை எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு செய்தோம். அந்த முறையை உங்களுக்குச் சொல்கிறேன். காகிதமும் எழுதுகோலும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பழங்களை நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும். அடிபட்ட பகுதியையும் புழுவைத்த பகுதியையும் நீக்கவேண்டும். தோலைச் சீவிக் கொட்டையை எடுத்து, சதையைப் பிசைந்து பெரிய கண் சல்லடையில் வடித்தால் நார் தங்கிவிடும். பிசைவதும் வடிப்பதும் சிறு குழந்தைகளுக்கான வேலை. அதைவிட மகிழ்ச்சியான வேலை அவர்களுக்கு வேறில்லை. ஒரு கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும் அளந்து வைத்துக்கொள்ளவேண்டும். அடி கனத்த, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. இரும்பும் ஈயம் பூசாத பித்தளையும் கூடா. புளிப்பு அவற்றை அரிக்கும். வாய் அகன்றிருந்தால் நீராவி விரைவில் வெளியேறும்; மணமும் நிறமும் கெடாமல் சீக்கிரம் இறக்கிவிடலாம்.

வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் தராசில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். கூழை மட்டும் சிறிது நேரம் வேகவிட்டு, பின் சர்க்கரை சேர்த்துக் கரையும்வரை மெல்லிய தீயில் கிளறவேண்டும். கரைந்தபின் தீயைக் கூட்டலாம். எப்பொழுது இறக்குவது? எங்கள் கணக்கு இப்படி அமைந்தது. கூழிலுள்ள சர்க்கரை 150 கிராம், சேர்த்தது 750 கிராம், ஆக 900. இந்த 900 கிராம், மொத்த எடையில் நூற்றுக்கு 68 ஆகவேண்டுமானால், மொத்தம் ஏறத்தாழ 1,325 கிராம் இருக்கவேண்டும். தொடக்கத்தில் இருந்தது 1,750 கிராம். எனவே 425 கிராம் நீர் ஆவியாகவேண்டும். அதற்கு முன் இறக்கினால் கெடும். வெகுநேரம் கழித்து இறக்கினால் கல்லாகும். நான் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தராசின்மேல் இட்ட மரப்பலகையில் வைப்பேன்; என் மகள் பலகையின் எடையையும் பாத்திரத்தின் எடையையும் கழித்துச் சொல்வாள். 1,500 என்றாள், மீண்டும் அடுப்பில். 1,390 என்றாள், மீண்டும் அடுப்பில். இறுதிக்குச் சற்று முன் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தோம். 1,320 என்று அவள் சொன்னபோது குழந்தைகள் கைதட்டினார்கள்.

தராசு இல்லாதவர்க்கும் வழி உண்டு. பாகுக்கான வெப்பமானி இருந்தால், கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். நீர் இங்கே 100 டிகிரியில் கொதிக்கிறது. சர்க்கரை செறியச் செறியக் கொதிநிலை உயரும். ஆனால் இந்த எண் எல்லா ஊர்க்கும் பொருந்தாது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கு ஜாம் செய்பவர் 98-இல் இறக்கவேண்டும். நீர் கொதிக்கும் அளவுக்கு மேல் ஐந்து டிகிரி என்று நினைவு கொண்டால் எங்கும் பொருந்தும். வெப்பமானியும் இல்லையேல், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். நீர் பிரிந்து ஓடினால் இன்னும் பொறுக்கவேண்டும். இந்தச் சோதனை செய்யும்போது அடுப்பை அணைத்துவிடவேண்டும். சொட்டு ஆறுவதற்குள் பாத்திரத்தில் இருப்பது பதம் தாண்டிவிடும்.

புட்டிகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு எடுத்து, ஈரம் அறவே இல்லாமல் உலரவைக்கவேண்டும். ஜாம் சூடாக இருக்கும்போதே, புட்டியும் சூடாக இருக்கும்போதே, மரப்பலகையின்மேல் வைத்து நிரப்பி உடனே மூடவேண்டும். குளிர்ந்த புட்டியில் ஊற்றினால் கண்ணாடி விரிந்துவிடும். உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சூடேற்றிக் காக்கும் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். 1810-இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவர் முறை ஏன் பலிக்கிறது என்பது அப்பொழுது அவருக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களின் செயலை விளக்கியது அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பின்னர்தான். கை முந்தி அறிந்ததை அறிவு பிந்தி அறிந்தது. நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி படவிடாமல் காத்ததும் அத்தகைய அறிவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் பாகு கொதிநீரைவிடக் கொடியது. நீர் பட்டால் வழிந்துவிடும். பாகு ஒட்டிக்கொண்டு சுடும். கெட்டியாகும் வேளையில் பாகு கொப்புளித்துத் தெறிக்கும். ஆகவே கழுவுவது, பிசைவது, அளப்பது, எழுதுவது, சீட்டு ஒட்டுவது ஆகியவை சிறுவர் வேலை. கிளறுவதும் இறக்குவதும் ஊற்றுவதும் பெரியவர் வேலை. இந்தக் கோட்டை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வகுத்துவிடவேண்டும். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதலுதவி. பேனா மையும் பற்பசையும் வேண்டா, பனிக்கட்டியும் வேண்டா. கொப்புளம் பெரிதாயின் மருத்துவரிடம் போகவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஜாம் நன்றாக அமைந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். முதலில் நான் அஞ்சியது தவறன்று. அஞ்சியதற்கு நான் கண்ட வழியே தவறு. சர்க்கரையைக் குறைக்க விரும்புபவர் பாத்திரத்தில் குறைக்கக்கூடாது. ரொட்டித்துண்டின்மேல் தடவும் அளவில் குறைக்கவேண்டும். காய்ச்சும்போது பழத்தின் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி அழிந்தும் போகிறது. ஆதலால் ஜாம் பழத்துக்கு மாற்று ஆகாது. பழம் இல்லாத நாளில் பழத்தின் நினைவு, அவ்வளவே. கடையில் விற்கும் புட்டியை எடுத்து அதன் சீட்டைப் படித்துப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் மிகுதியோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 45 பங்குக்குக் குறையாத பழம் இருக்கவேண்டும் என்பதும் பெரும்பாலான ஜாம்களுக்கு விதி. ஒரு முறை தம் கையால் காய்ச்சிய குழந்தை அந்தச் சீட்டைப் படிக்கும் விதமே வேறு. எங்கள் ஜாமில் 1,320 கிராமுக்கு ஒரு கிலோ கூழ் சென்றிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்.

மேலும் கற்க விரும்பும் கல்லூரி மாணவர்க்கு வழிகள் உள்ளன. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நம் நாட்டின் தலைமை நிலையங்களுள் ஒன்று. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உணவுப் பதப்படுத்தலைப் பாடமாகவே பயிலலாம். பழத்தை வேறு ஊருக்குச் சென்று தேடவும் வேண்டா. 1996 முதல் கோயம்பேட்டில் இயங்கும் பெருஞ்சந்தை பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அருகிலேயே இருக்கிறது. பொழுது சாயும் வேளையில் அங்குச் சென்றால், மறுநாளைக்குத் தாங்காத பழத்தைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஒருபுறம் கனிந்திருப்பதைக் கொள்ளலாம், அழுகியதைக் கொள்ளலாகாது.

இரண்டாம் முறை எங்களுக்கு மூன்று புட்டி கிடைத்தன. குழந்தைகள் கூடிப் பேசி, அவற்றைப் பங்கிடும் வகையையும் தாங்களே முடிவு செய்தார்கள். முன்பு கொடுத்துத் திரும்ப வாங்கிய இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று, பாட்டிக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்கு இல்லை. பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து உண்டதே எங்கள் பங்கு. பாட்டியின் புட்டியை மட்டும் இரண்டு வாரம் அலமாரியில் வைத்து, ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பூசணம் பூக்கவில்லை. ஆடி மாதம் பிறப்பதற்குள் மரத்தை வெட்டினார்கள். பாட்டி ஊருக்குப் புறப்பட்டபோது புட்டியைத் துணியில் சுற்றித் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும், உலர்ந்த கரண்டியையே போடவேண்டும் என்று என் மகன் அவருக்கு மும்முறை சொல்லி அனுப்பினான். தை மாதத்தில் அவர் தொலைபேசியில் பேசினார். புட்டியில் இன்னும் இரண்டு கரண்டி மிச்சம் இருப்பதாகச் சொன்னார்.

மாணவ நண்பர்களே, இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு கிலோ பழத்தை எடுத்துக்கொண்டு இதனைச் செய்து பாருங்கள். தராசை மறவாதீர்கள். ஒருகால் தவறிவிட்டால் மறைக்காதீர்கள். கொடுத்த வீட்டுக் கதவைச் சென்று தட்டுங்கள். காரணத்தைக் கணக்கிட்டு மறுமுறை செய்யுங்கள். நல்ல ஜாம் அமையட்டும்.